சலாபத்துச் சிப்பிக்கு எத்தனை பெயர்?



சென்ற மாதம் தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலாவத்துறைக் கடற்கரைக்குப் போனோம். முள்ளந்தண்டிலிகள் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். புத்தகத்தில் படம் பார்ப்பதை விட மணலில் பொறுக்கிப் பார்ப்பது நல்லது என்பது எமது எண்ணம். ஒரு பிள்ளை உள்ளங்கையளவு ஓடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். உட்பக்கம் பளபளவென்று மின்னியது. "சேர், இதுதானே முத்துச்சிப்பி? இதன்ட விஞ்ஞானப் பெயர் என்ன?"

எமக்குத் தெரிந்த பெயரைச் சொன்னோம். பிங்டாடா வல்காரிஸ். பிள்ளையும் எழுதிக்கொண்டாள். இரவு வீட்டுக்கு வந்து சரிபார்க்கத் தொடங்கியபோதுதான் சங்கடம் பிடித்தது. ஒரு நூலில் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ், இன்னொன்றில் பிங்டாடா ரேடியாட்டா, இந்திய ஆய்வுகளில் பிங்டாடா ஃபியூக்காட்டா, வேறொன்றில் பிங்டாடா இம்பிரிக்காட்டா. எல்லாம் எமது மன்னார்க் குடாச் சிப்பியைப் பற்றித்தான். ஒரு பிராணிக்கு ஏன் இத்தனை பெயர் என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறையிலிருந்து வந்தது என்பார்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாபம் நகரத்தின் பெயருக்கும் அதே விளக்கத்தைச் சொல்வார்கள். 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அரசர் முன்னால் முத்துகள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அவருக்கு முந்நூறு வருடம் முந்திய அல்பிரூனியின் குறிப்பு இன்னும் சுவையானது. ஸரந்தீபின் முத்துப் பார்கள் அற்றுப்போய், ஆபிரிக்காவின் ஸுஃபாலாப் பக்கம் புதிதாக முத்துக் கிடைக்கத் தொடங்கியதாம். சிப்பிகள் இங்கிருந்து அங்கே குடிபெயர்ந்துவிட்டன என்று மக்கள் பேசிக்கொண்டார்களாம்! இந்தச் சிப்பி சில வருடம் குவிந்து கிடக்கும், பிறகு பல வருடம் காணாமற்போகும். அந்தப் புதிர் அப்போதே இருந்திருக்கிறது.

எமது வியாபாரிகள் முத்தைத் தரம் பிரிப்பதில் கெட்டிக்காரர்கள். துளையிட்ட பித்தளைப் பெட்டிகள் பத்து இருக்கும். 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை இலக்கம். ஒன்றன் பின் ஒன்றாகச் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு உருட்சி, ஒளி பார்த்து ஆணி, அணதாரி, மசங்கு, குறவல், பீசல், தூள் என்று பெயர் வைப்பார்கள். ஆனால் அது முத்தின் பாகுபாடு. சிப்பிக்குள் இருந்த உயிரை யாரும் தரம் பிரிக்கவில்லை. அது கோட்டுகளில் அழுகிப் புழுத்து, கழுவித் தள்ளப்பட்டது. மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்ற கதை தமிழிலும் உண்டு, அறபியிலும் உண்டு. பிராணியைத் திறந்து பார்க்காத வரை அந்தக் கதைக்கு ஆபத்து வரவில்லை.

ஐரோப்பியர்களும் முதலில் பிராணியைப் பார்க்கவில்லை, ஓட்டைத்தான் பார்த்தார்கள். லின்னேயஸ் 1758 இல் கறுப்பு விளிம்புடைய பெரிய முத்துச்சிப்பிக்குப் பெயரிட்டு, அதை மட்டிகளோடு சேர்த்துவிட்டார். 1798 இல் ரோடிங் பிங்டாடா என்ற சாதிப் பெயரையும் இம்பிரிக்காட்டா என்ற இனப் பெயரையும் வைத்தார். 1814 இல் லீச் ரேடியாட்டா என்றார். 1817 இல் ஷூமாக்கர் வல்காரிஸ் என்றார். 1850 இல் அமெரிக்கரான கூல்ட் ஃபியூக்காட்டா என்றார். கப்பல்காரர்கள் கொண்டுவந்த வெற்று ஓடுகள் இவர்களின் மேசைக்கு வந்தன. நிறம், கோடு, செதில், பொருத்து ஓரத்திலுள்ள சிறு பற்கள், இவற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஆனால் முத்துச்சிப்பியின் ஓடு நிலையானதல்ல. ஒரே பாரில் எடுத்த இரண்டு சிப்பிகளில் ஒன்று சிவந்தும் மற்றது பச்சையாகவும் இருக்கும். இளம் சிப்பியில் செதில்கள் நீட்டிக்கொண்டு நிற்கும், முதியதில் தேய்ந்துபோகும். நெருக்கமாக வளர்ந்தால் உருவமே கோணும். சிலாவத்துறைச் சுழியோடி ஒருவரைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

உயிரோடு பார்த்த ஆள் எமது நாட்டுக்காரர்தான். எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட். 1819 இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், எடின்பரோவில் படித்த இராணுவ வைத்தியர். 1850களில் திருகோணமலையில் இருந்தபோது அரசாங்கம் முத்துச்சிப்பியை ஆராயும் வேலையை அவரிடம் கொடுத்தது. சிப்பிகளைக் கடல்நீர்த் தொட்டிகளில் வைத்து நாட்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்டது அன்றைக்குப் பெரிய செய்தி. நாம் சாப்பிடும் கடல் சிப்பி, ஓட்டைப் பாறையோடு சீமெந்து பூசியது போல ஒட்டிக்கொள்ளும். இருந்த இடத்தை விட்டு அசையாது. முத்துச்சிப்பி அப்படியல்ல. பாதத்திலிருந்து சுரக்கும் நார்க்கற்றையால் தன்னைக் கட்டி வைத்துக்கொள்கிறது. இடம் பிடிக்காவிட்டால் அந்த நாரைக் கழற்றிவிட்டு, பாதத்தை நீட்டி ஊர்ந்து போய், வேறு இடத்தில் புதிய நார் கட்டுகிறது. குடிபெயர்ந்தது என்ற அல்பிரூனி காலத்துப் பேச்சில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது என்று எமக்குச் சிரிப்பு வந்தது. ஸுஃபாலா வரைக்கும் நிச்சயமாக இல்லை!

ஆக, பெயரில் சிப்பியாக இருந்தாலும் உடலமைப்பில் இது வேறு குடும்பம். முத்துத் தருவதும் அடையாளம் அல்ல. தம்பலகாமம் குடாவிலுள்ள மெல்லிய கண்ணாடிச் சிப்பியும் முத்துத் தரும், அதையும் கெலார்ட் ஆராய்ந்தார். அது இன்னொரு குடும்பம். எது தருகிறது என்பதை வைத்து அல்ல, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிராணியை வகைப்படுத்த வேண்டும்.

கெலார்ட்டின் இன்னொரு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை. திருகோணமலைப் பாறைகளில் ஊரும் ஓடில்லாக் கடல் நத்தைகளை அவர் சேகரித்தார். பூவைப் போல நிறம் நிறமாக இருக்கும். ஆனால் சாராயத்தில் போட்டால் நிறம் கரைந்து, உடல் சுருங்கி, எல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல் கட்டியாகிவிடும். ஆகவே உயிரோடிருக்கும்போதே வர்ண ஓவியங்களாக எடுத்துவைத்து, 1858, 1859 ஆம் ஆண்டுகளில் விவரணைகளை வெளியிட்டார். வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட ஒன்றுக்கு, துக்க உடை போல இருந்ததாலோ என்னவோ, மரணச் சடங்கைக் குறிக்கும் ஃபியூனெப்ரிஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் அது ஜோருன்னா ஃபியூனெப்ரிஸ்தான். கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த இன்னொன்று எமது நாட்டின் பெயரையே சுமக்கிறது, ஃபில்லிடியெல்லா ஸெய்லானிக்கா.

1860 இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே கெலார்ட் காலமானார். வயது நாற்பது சொச்சம். ஓவியங்கள் நியூகாசில் நகர அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. 1906 இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அவற்றை எடுத்து ஒவ்வொரு பெயரும் எந்தப் பிராணிக்குரியது என்று சரிபார்த்தார். இவர் தொழிலால் இராஜதந்திரி, கிழக்காபிரிக்காவில் ஆணையாளராகக்கூட இருந்தவர், பொழுதுபோக்கு கடல் நத்தை! அவருடைய கருவி நிறம் அல்ல, பல். இந்த நத்தைகளின் வாயில் அரம் போன்ற ஒரு நாக்கு உண்டு, அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். உடல் சுருங்கினாலும் பல் மாறாது. பல்லை எண்ணி, வடிவம் பார்த்து இனத்தைச் சொல்லலாம். கெலார்ட்டின் சில பெயர்கள் அப்படி உறுதியாயின. மாதிரி இல்லாமல் விவரணை மட்டுமே மிஞ்சியவற்றில் எலியட்டும் என்ன செய்வார்? ஸெய்லானிக்காவின் குடும்பத்துக்கோ பல்லே கிடையாது. அங்கே கத்தி வேலை செய்யாது. அந்தக் கதவு திறக்க நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது மறுபடி மன்னாருக்கு வருவோம். 1891 க்குப் பிறகு 1902 வரை சலாபமே நடக்கவில்லை. வருமானம் போய்விட்டதே என்று அரசாங்கத்துக்குக் கவலை. லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902 ஜனவரியில் வந்து இறங்கினார். உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னெல். லேடி ஹவ்லொக் என்ற கப்பலில் பார் பாராகப் போய், வலையால் வாரியும் சுழியோடிகளை இறக்கியும் அடியில் கிடந்த எல்லாவற்றையும் அள்ளினார்கள். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று எமது வாப்பாமார் வாயில் கேட்ட பெயர்களெல்லாம் அவர்களது அறிக்கையில் அப்படியே இருக்கின்றன. ஹேர்ட்மன் சில மாதங்களில் திரும்பினார், ஹோர்னெல் தங்கிவிட்டார். 1903 தொடக்கம் 1906 வரை லண்டன் ரோயல் சொசைட்டி ஐந்து பெரிய பாகங்களாக அறிக்கையை வெளியிட்டது.

அந்த ஐந்து பாகங்கள் முத்துச்சிப்பியை விடப் பெரியவை. கடற்பஞ்சுகளை டெண்டியிடமும், கடல் வளையப்புழுக்களை வில்லியிடமும், கடல் அட்டைகளை ஜோசப் பியர்சனிடமும் அனுப்பினார்கள். இந்தப் பியர்சன்தான் பின்னர் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராக வந்தவர். ஒவ்வொருவரும் வெட்டி, முள்ளை எண்ணி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, புதிய இனங்களை விவரித்தார்கள். அவர்களுக்குக் கடலின் அடியிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தவர்களில் எமது சுழியோடிகளும் இருந்தார்கள். தமிழர், சோனகர், குடாநாடுகளிலிருந்து வந்த அறபிகள் என்று அறிக்கைகளில் கூட்டமாக வருகிறார்கள். புதிய இனங்களுக்கு விஞ்ஞானிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒரு சுழியோடியின் பெயர் எந்தப் புழுவுக்கும் கிடைக்கவில்லை. குறை சொல்லவேண்டும் என்பதற்காக எழுதவில்லை, ஆனால் வாசிக்கும்போது மனதில் குத்துகிறது.

ஹேர்ட்மனும் ஹோர்னெலும் தவறியது ஓர் இடத்தில். சிப்பியின் உடலுக்குள் ஒரு நாடாப்புழுவின் உருண்டையான குடம்பிகளைக் கண்டார்கள். நல்ல முத்துகள் அந்தக் குடம்பியைச் சுற்றியே உண்டாகின்றன என்று முடிவு கட்டினார்கள். கெலார்ட் காலத்திலேயே புழுச் சந்தேகம் இருந்தது. அவரும், சுவிஸ் நாட்டு அறிஞர் ஹம்பெர்ட்டும் சிப்பிக்குள் புழுக்களைக் கண்டிருந்தார்கள். 1904 இல் ஷிப்ளியும் ஹோர்னெலும் புழுவுக்கு டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர் என்று பெயர் வைத்தார்கள். முத்து உண்டாக்கி என்று பொருள். முதிர்ந்த புழு சிப்பியைத் தின்னும் பெரிய திருக்கைகளின் குடலில் வாழ்கிறது என்றார்கள். அப்படியென்றால் சிப்பியின் எதிரியான திருக்கையும் முத்துக்குத் தேவை என்றாகிறது. அழகான விளக்கம்தான்.

ஆனால் குடம்பியையும் முதிர்ந்த புழுவையும் இணைத்தது தோற்ற ஒற்றுமை மட்டுமே. மயிர்க்கொட்டியும் வண்ணத்துப்பூச்சியும் ஒன்று என்பதை வளர்த்துப் பார்த்துத்தான் சொல்லலாம். இங்கே யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை. 1912 இல் லிஸ்டர் ஜேம்சன், 1901 இல் ஓடுகளை வைத்து முத்துச்சிப்பி இனங்களைத் திருத்தி வகுத்த அதே ஆள், இலங்கை முத்துகளை மெல்லியதாக அறுத்து நடுவைப் பார்த்தார். பெரும்பாலும் புழு இல்லை. சிப்பி ஓட்டைப் பழுதுபார்க்கச் சுரக்கும் பொருளே நடுவில் இருந்தது. அந்தக் குடம்பியை இன்று வேறொரு வரிசை நாடாப்புழுவோடு சேர்க்கிறார்கள். முத்து உண்டாவது, ஓட்டைச் சுரக்கும் போர்வைத் தோலின் கலங்கள் இடம் தவறி உள்ளே போய் ஒரு பை போல வளர்வதால். யப்பானில் வளர்ப்பு முத்துச் செய்பவர்கள் மணியோடு ஒரு துண்டுப் போர்வைத் தோலையும் சேர்த்து வைப்பது இதற்காகத்தான்.

இதற்கிடையில் கடல் தன் வழியில் போனது. 1903 இல் சலாபம் திரும்பியது. 1905 இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள், 25 இலட்சம் ரூபா வருமானம். உற்சாகத்தில் 1906 இல் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். 1907 க்குப் பிறகு சிப்பி மறைந்தது, கம்பனியும் கலைந்தது. பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு சிப்பிக்கு உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்கள் தொழிலை இழந்தார்கள்.

பெயர்க் குழப்பம் மட்டும் தொடர்ந்தது. 1961 இல் பிரான்ஸ் நாட்டு ரான்சன் பல பெயர்களை ரேடியாட்டா என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார். வேறு பலர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டையும் தசையையும் வைத்து இதற்கு மேல் வாதாட முடியாது என்ற நிலை.

அப்போது வந்தது டீ.என்.ஏ. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். சிப்பியின் ஒரு துணுக்குத் தசை போதும். அதிலிருந்து ஒரு குறித்த பரம்பரையலகைப் பிரதியெடுத்து, அதன் எழுத்துகளை வரிசையாக வாசிக்கிறார்கள். 2003 இல் கனடாவின் போல் ஹெபர்ட் குழுவினர், இழைமணியிலுள்ள ஒரு பரம்பரையலகின் ஏறத்தாழ 650 எழுத்துகளைக் கடைப் பொருட்களின் பட்டைக்கோடு போல எல்லா விலங்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். ஓட்டின் நிறம் பாருக்குப் பார் மாறும். இந்த எழுத்து வரிசை அப்படி மாறாது.

முத்துச்சிப்பியில் இதைச் செய்து பார்த்தபோது சில பழைய சுவர்கள் விழுந்தன. யப்பானின் அகோயாச் சிப்பி, சீனத்துச் சிப்பி, அவுஸ்திரேலியாவில் இம்பிரிக்காட்டா என்று அழைத்தது, மூன்றும் ஒரே இனம் என்று தெரிந்தது. அத்திலாந்திக் பக்கத்துச் சிப்பியும், சுயஸ் கால்வாய் திறந்த சில வருடங்களிலேயே மத்தியதரைக் கடலுக்குள் புகுந்த ரேடியாட்டாவும் இதற்கு மிக நெருங்கிய உறவு. எவ்வளவு நெருக்கம்? சிலர் மூன்றும் ஒரே இனத்தின் உபஇனங்கள் என்கிறார்கள், சிலர் மூன்று தனி இனங்கள் என்கிறார்கள். பெரியம்மா பிள்ளைகளா, கூடப்பிறந்தவர்களா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2012 இல் ஒகினாவா விஞ்ஞானிகள் ஃபியூக்காட்டாவின் மரபணுத் தொகுதியின் வரைவையே வெளியிட்ட பிறகும் பெயர் வழக்கு நடக்கிறது. ஏனென்றால் எத்தனை எழுத்து வித்தியாசம் இருந்தால் வேறு இனம் என்று எந்தச் சிப்பியிலும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. அதைத் தீர்மானிக்க மறுபடி உடலமைப்பையும், அவை இனம் கலக்கின்றனவா என்பதையும், எங்கே வாழ்கின்றன என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

கெலார்ட்டின் பல்லில்லாத நத்தைக் குடும்பத்திலும் இதே கதைதான். ஒரே இனம் என்று நம்பியவை சில, எழுத்துகளை வாசித்தபோது பலவாகப் பிரிந்தன. குடம்பி எந்தப் புழுவின் பிள்ளை என்று இன்று யாரும் தோற்றத்தை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டிலும் எழுத்தைப் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹோர்னெலுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவரைக் கேலி செய்ய எமக்கு மனம் வரவில்லை.

டீ.என்.ஏ.யாலும் முடியாத ஒன்று இருக்கிறது. எங்கே எடுத்தது என்று எழுதாத ஒரு துணுக்குத் தசை எதையும் சொல்லாது. 1902 இன் மாதிரிகள் இன்றும் பயன்படுவது, எந்தப் பார், எத்தனை பாகம் ஆழம், எந்தத் திகதி என்று எழுதிவைத்திருப்பதால். அந்தப் பார்களின் பெயர்களை ஹேர்ட்மன் உண்டாக்கவில்லை. எமது ஆட்கள் சொன்னார்கள், அவர் எழுதினார்.

நாம் 1990 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள். திரும்பிப் போய்க் குடியேறியபோது வீட்டில் கூரை இல்லை, பெட்டகம் இல்லை. மூத்தவாப்பாமார் வைத்திருந்த சலாபச் சாமான்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளையிடம் மறுநாள் நாம் சொன்ன பெயரைத் திருத்தச் சொன்னோம். "அப்ப எதை சேர் எழுதுற?" என்றாள். ஓட்டை ஒரு சிறு பெட்டியில் வைத்து, சிலாவத்துறைக் கரை, திகதி, எடுத்தவர் என்று அவளுடைய பெயரையும் மையால் எழுதி ஒட்டியிருக்கிறோம். பிங்டாடா ஃபியூக்காட்டா என்பதைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம். இப்போது பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது.

உங்கள் வீடுகளில், அல்லது புத்தளம், கல்பிட்டி, கொழும்பில் இருக்கும் சொந்தங்களிடம், முத்துச் சலிக்கும் பழைய பித்தளைப் பெட்டியோ, சுழியோடும் கல்லோ, சலாபத்துக்குப் போனவர்களின் படமோ, பார்களின் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர்களோ இருந்தால் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொருளைத் தரவேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். யாருடையது, எந்த ஊர் என்று மறக்காமல் எழுதுங்கள்.